மருந்தும் ஊசியும் போகும் வழி

வீட்டில் ஒருவர் நீண்ட நாள் நோயுற்றிருந்தால் அவ்வீட்டின் குப்பைக் கூடையே மாறிவிடுகிறது. காய்கறித் தோலும் பால் உறையும் கிடந்த இடத்தில் மாத்திரை அட்டைகள், ஊசிகள், கையுறைகள், சிறுநீர்ப் பைகள், டயப்பர்கள் என்று சேர்ந்துகொண்டே போகின்றன. துணிப்பையோடு கடைக்குச் செல்வதையும், வாழையிலையில் உண்பதையும், தண்ணீரை அளந்து செலவிடுவதையும் வழக்கமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது மனச்சங்கடத்தைத் தருகிறது. அச்சங்கடத்தால் சிலர் ஒரே இன்சுலின் ஊசியைப் பல நாள் பயன்படுத்துகிறார்கள். வேறு சிலர், கண்ணில் படாமல் போனால் போதும் என்று எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்துகிறார்கள். முதல் வழி நோயாளிக்குத் தீங்கு. இரண்டாவது வழி நோயாளிக்கும் அண்டை வீட்டாருக்கும் தீங்கு. சூழலைப் பேணுதல் என்பது நோயாளி இருக்கும் இல்லத்தில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நிலைத்தன்மை என்ற சொல்

‘நிலைத்தன்மை’ என்பதற்கு இன்று பெரிதும் எடுத்தாளப்படும் விளக்கம், 1987-ஆம் ஆண்டு ஐ.நா. ஆணையம் ஒன்று வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்தது. நார்வே நாட்டின் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அதற்குத் தலைமை வகித்தார். வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்வது என்பது அதன் சாரம். புருண்ட்லாண்ட் அடிப்படையில் ஒரு மருத்துவர் என்பதும், பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

ஆனால் இக்கருத்தை அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே நூலாக எழுதியவர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, விடுதலைப் போராட்டக் காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய ஆங்கில நூல் 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது. தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960-இல் மதுரையில் மறைந்தார். இயற்கையில் உயிர்கள் தம் உணவைத் தேடும் முறைகளை அவர் வகைப்படுத்தினார். ஒட்டுண்ணி, தான் வாழும் உயிரையே அழிக்கிறது. தேனீயோ, தனக்கு வேண்டியதை எடுக்கும்போதே பூவுக்கு மகரந்தம் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. எடுப்பது எப்படி, விட்டுச்செல்வது என்ன என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

சூழல் அக்கறை உடையவர்கள் நாள்தோறும் செய்வதும் இதுதான். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, ‘இது எங்கிருந்து வந்தது, என் கையை விட்ட பிறகு யாரிடம் போய்ச் சேரும்?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். நோயாளி இருக்கும் வீட்டில் இவற்றுள் இரண்டாவது கேள்விக்கே கூடுதல் மதிப்பு உண்டு. மருத்துவத்துக்கு இன்றியமையாத பொருளை வேண்டாம் என்று ஒதுக்க இயலாது, ஒதுக்கவும் கூடாது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பலவற்றைத் தடை செய்தபோது, மருந்துக்கும் மருத்துவக் கருவிகளுக்குமான உறைகளுக்கு விலக்கு அளித்ததும் இக்காரணத்தால்தான். எனவே, ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய ஊசியையோ சிறுநீர்க் குழாயையோ பயன்படுத்துவது குறித்து எவரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. அது எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்ணீர் போகும் திசை

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பென்னிகுயிக் கட்டி முடித்து 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகக் கடந்து, தேனிக்கு அருகே வைகையோடு கலந்து வைகை அணையை அடைகிறது. வழியில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்வதும் இதே நீர்தான். மதுரை மக்கள் குடிப்பதும் வைகை அணையின் நீரைத்தான். கூடலூரில் வாய்க்காலில் எறியப்படும் ஒரு புட்டியின் எச்சம் சின்னமனூரில் ஒருவரின் வயலுக்கோ, வீரபாண்டியில் நீராடும் ஒருவரின் உடலுக்கோ செல்கிறது. மேட்டில் இருப்பவரின் கழிவே பள்ளத்தில் இருப்பவரின் குடிநீர் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிலப்பரப்புகள் அதிகம் இல்லை.

ஊசிகள்

நீரிழிவு நோயாளி ஒருவர் நாளொன்றுக்கு இருமுறை இன்சுலின் செலுத்திக்கொண்டால் ஆண்டுக்கு 730 ஊசிகள். சர்க்கரை அளவைப் பார்க்க விரலில் குத்தும் ஊசிகள் தனி. இவை சாதாரணக் குப்பையோடு சேரும்போது முதலில் ஆபத்துக்கு ஆளாகிறவர் தூய்மைப் பணியாளர். குப்பையைக் கையால் பிரிக்கும் அவருடைய விரலில் ஊசி குத்தினால், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவும் வாய்ப்பு உண்டு. இவற்றுள் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த குருதியில்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ‘என் வீட்டாருக்கு அப்படி எந்த நோயும் இல்லை’ என்று நாம் அறிந்திருக்கலாம். குத்துப்பட்டவருக்கு அது தெரியாது. பரிசோதனை, தடுப்பு மருந்து, மாதக்கணக்கில் அச்சம் என்று அவர் குடும்பம் படும் துன்பம் சிறிதன்று.

மருத்துவமனைகளில் கூர்மையான கழிவுகளுக்கென்றே துளைபடாத வெண்ணிறக் கலன் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் வகுத்த முறை அது. வீட்டில் அதற்கு ஈடாக, சலவைத் திரவம் அல்லது எண்ணெய் வந்த தடித்த பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் திருகு மூடியோடு வைத்துக்கொள்ளலாம். மெல்லிய தண்ணீர்ப் புட்டியை ஊசி துளைத்துவிடும் என்பதால் அது பயன்படாது. செலுத்தி முடித்ததும் ஊசியை நேரே கேனுக்குள் போட வேண்டும். மூடியை மீண்டும் ஊசியில் பொருத்த முயலும்போது குத்துக்காயங்கள் பல நேர்கின்றன. கேன் முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, ஒட்டுநாடா சுற்றி, ‘ஊசிகள்’ என்று தமிழில் பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதை எங்கு ஒப்படைப்பது என்று அடுத்த வருகையின்போது செவிலியரிடம் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் சேரும் ஊசிகளையும் காலாவதியான மருந்துகளையும் பூச்சிக்கொல்லிக் கலன்களையும் உடைந்த பாதரச வெப்பமானியையும் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று ஒரே வகையில் சேர்த்தன. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்ற இரண்டோடு மூன்றாவதாக இதற்கென ஒரு சிறு பெட்டி இருப்பது நல்லது.

சிக்கனம் கருதி ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது குறித்து ஒரு சொல். முனை மழுங்கி வளைவதால் வலி கூடும். தோலுக்கடியில் கொழுப்புக் கட்டிகள் தோன்றி இன்சுலின் சரிவர உறிஞ்சப்படாமல் போகும். பிறகு சர்க்கரை ஏறுகிறது என்று மருந்தின் அளவைக் கூட்ட நேரிடும். இதில் சேமிப்பு எதுவும் இல்லை. ஒருவரின் ஊசியையோ இன்சுலின் பேனாவையோ மற்றொருவர் பயன்படுத்துவது எந்நிலையிலும் கூடாது.

மிஞ்சிய மாத்திரைகளும் பிணந்தின்னிக் கழுகுகளும்

நம் உடலுக்குள் சென்ற மருந்து அங்கேயே முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இந்தியாவே உலகுக்குக் காட்டிய சான்று ஒன்று உண்டு. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் நம்மில் பலர் அறிந்த டைக்ளோஃபினாக், ஒரு காலத்தில் மாடுகளுக்கும் தாராளமாகப் போடப்பட்டது. அம்மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 1990-களின் தொடக்கத்தில் இந்திய வானில் மிகுதியாகத் திரிந்த வெண்முதுகுக் கழுகுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் 2007-க்குள் மறைந்துவிட்டன. காரணம் டைக்ளோஃபினாக் என்று 2004-இல் உறுதியானது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015-இல் ஊசி மருந்துக் குப்பியின் அளவே 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. இன்று தமிழகத்தில் அக்கழுகுகள் எஞ்சியிருக்கும் முதன்மையான இடம் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கு. கழுகுகள் தின்று தீர்த்த சடலங்கள் தெருநாய்களுக்கு உணவாயின. நாய்க்கடியும் அதனால் வரும் வெறிநோயும் கூடின என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்தை எவரும் நிறுத்திவிட வேண்டாம். மனிதர் உட்கொள்வதால் கழுகுகள் மடியவில்லை. ஆனால் வீட்டில் மிஞ்சிய வலிநிவாரணியை மாட்டுக்குக் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். கால்நடை மருத்துவர்களிடம் கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலோக்சிகாம் இருக்கிறது.

மிஞ்சும் மருந்துகளைக் கழிப்பறையிலோ வாய்க்காலிலோ கொட்டுவதும் தவறு. குறிப்பாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் நீரிலும் மண்ணிலும் கலந்தால், அங்குள்ள கிருமிகள் அவற்றைத் தாங்கும் வலிமை பெறுகின்றன. அத்தகைய கிருமி நாளை நம் வீட்டுக் குழந்தையின் உடலுக்குள் புகுந்தால் வழக்கமான மருந்து வேலை செய்யாது. மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை உட்கொண்டால் மிச்சம் இராது. மருந்து மாற்றப்பட்டதாலோ நோயாளி மறைந்ததாலோ மிஞ்சியவற்றை அபாயக் கழிவுப் பெட்டியில் சேர்த்து ஒப்படைக்கலாம். மார்பின், ஃபென்டனில் ஒட்டு போன்ற கடும் வலி மருந்துகள் மிஞ்சினால் அவற்றை வீட்டில் வைத்திருக்காமல், கொடுத்த மருத்துவரிடமே உடனடியாகக் கேட்டுச் செயல்பட வேண்டும்.

‘மருந்து’ என்னும் இன்னொரு பொருள்

நம் பகுதியில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோயாளி உண்பதும் மருந்து. திராட்சைக்கும் ஏலத்துக்கும் அடிப்பதும் மருந்து. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமை. ஆண்டு முழுதும் காய்க்கும் அக்கொடிக்கும், மலைமேல் ஏலத் தோட்டங்களுக்கும் பூச்சிக்கொல்லித் தெளிப்பு மிகுதி என்பதும் நாம் அறிந்ததே. குமரப்பா சொன்ன தேனீயை இங்கே மீண்டும் நினைக்கலாம். ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீக்கள்தாம். அவை மடிந்தால் ஏலக்காயும் குறையும். தெளிக்கும் தொழிலாளியின் உடலும் அதே நஞ்சைத்தான் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏற்கிறது.

எதைத் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்பதை வேளாண் அலுவலர்கள் சொல்வார்கள். மருத்துவமனை சொல்ல வேண்டியது, அந்த ‘மருந்து’ வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதை. மீதியைத் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி அடுக்களைப் பரணில் வைப்பது, காலிக் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்துவது என்ற இரண்டும் உயிருக்கு உலை வைப்பவை. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கேன் குடிநீருக்கு ஆகாது. காலியானதும் மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, எவரும் மீண்டும் பயன்படுத்தாதபடி கேனைத் துளையிட்டு, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். மிச்சம் உள்ள புட்டி மூல உறையோடும் விவரச் சீட்டோடும், வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

பூட்டைப் பற்றி வற்புறுத்தக் காரணம் உண்டு. இலங்கையில் தற்கொலை விகிதம் 1995-க்குப் பின் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மிகக் கடும் நஞ்சுடைய பூச்சிக்கொல்லிகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்தது அதற்கு முதன்மையான காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். விளைச்சல் அதனால் வீழ்ச்சி அடையவில்லை. மனம் உடைந்த வேளை பெரும்பாலும் கடந்துபோகிறது. அந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது. நீண்ட நாள் நோயாலோ கடனாலோ சோர்ந்திருப்பவர் வீட்டில் இருந்தால் இன்றே பூட்டுப் போடுங்கள். அவரோடு அமர்ந்து பேசுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

தெளிப்புக்குப் போய் வந்தவருக்கு மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் பெருகுதல், கண்ணில் நீர், சதைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் அது நஞ்சேறியதன் அடையாளம். உடைகளைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். உப்புக் கரைசலோ சாணக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிலைமையை மோசமாக்கும். புட்டியையோ அதன் சீட்டையோ கையோடு கொண்டுவாருங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் சிகிச்சை விரைந்து தொடங்கும்.

புகை, நீர், உணவு

எரிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: எரிக்காதீர்கள். டயப்பரும் நெகிழிக் குழாயும் எரியும் புகையில் டயாக்சின் போன்ற நச்சுகள் உள்ளன. ஆஸ்துமா நோயாளிக்கு அப்புகையே போதும், மூச்சு அடைத்துவிடும். பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றி, தனியாகக் குறித்து, தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதே முறை. விறகடுப்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மரபு சார்ந்தது என்பதற்காக விறகடுப்பைச் சூழலுக்கு உகந்தது என்று கொள்ள முடியாது.

தண்ணீரைச் சேமிப்பது நற்பண்பு. ஆனால் மூடாமல் சேமித்தால் டெங்குவை வளர்க்கும். ஏடிஸ் கொசு தொட்டியின் உட்சுவரில், நீர் மட்டத்தை ஒட்டி முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் தாங்கும். மீண்டும் நனைந்தால் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை குடத்தையும் சிமென்ட் தொட்டியையும் காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மருத்துவத்துக்கே தண்ணீர் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு: சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒருமுறை 4 மணி நேர டயாலிசிஸ் செய்ய, நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் வீதம் 120 லிட்டர் கரைசல் செலவாகிறது. அதற்கான தூய நீரைப் பிரித்தெடுக்கையில் கழியும் நீர் இதில் சேரவில்லை.

உணவில்தான் சூழல் அறிவுரையும் மருத்துவ அறிவுரையும் சில நேரம் முரண்படும். உள்ளூரில் விளைவதை உண்பது நல்லது என்பது பொது விதி. நம் ஊரின் வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரக நோயாளிக்கு அவை இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். சிறுதானியம் தண்ணீரைக் குறைவாகக் குடித்து விளைகிறது, உடலுக்கும் நல்லது. என்றாலும் நீரிழிவு உள்ளவர் அரிசியைப் போலவே அதையும் அளந்தே உண்ண வேண்டும். பன்னீர் திராட்சைக்கும் அந்த அளவு பொருந்தும். ஓடும் நீரில் திராட்சையை நன்கு கழுவினால் மேற்பரப்பில் உள்ள பூச்சிக்கொல்லி எச்சம் ஓரளவு குறையும், முற்றிலும் நீங்காது. இத்தகைய முரண்பாடு வரும் இடத்தில் உணவியல் நிபுணரின் சொல்லையே ஏற்க வேண்டும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அந்தப் பை பல வீடுகளில் மறுபடியும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் — மாத்திரை, களிம்பு, கடையில் தானே வாங்கியது, நாட்டு மருந்து, பாதி தீர்ந்த புட்டி என அனைத்தையும் — அந்தப் பையில் போட்டு எடுத்துவாருங்கள். ஒரே மருந்து இரு பெயர்களில் இருப்பதும், நிறுத்தச் சொன்ன மாத்திரை தொடர்வதும், காலாவதியானது கலந்திருப்பதும் அப்போது தெரியவரும். வேண்டியவற்றுக்கு மட்டும் புதிய சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள்.